ஒரே வீட்டில் இரண்டு சோதனைகள்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குச் சந்தேகி என்று பெயர். யார் எந்த முடிவைக் கொண்டுவந்து காட்டினாலும், "இது நிஜமா, இல்ல மெஷின் பண்ற சேட்டையா?" என்றுதான் முதலில் கேட்பாள். முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிட்டார்கள். அவளும் அதை ஒரு பட்டம் போல ஏற்றுக்கொண்டிருந்தாள்.

அந்தக் கூடத்தின் அடியில், ஊரையே சுற்றி ஓடும் குழாய்க்குள் புரோட்டான்களை எதிரும் புதிருமாக விரட்டி மோதவிடுவார்கள். மோதும் இடங்கள் இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு கருவி, ஒவ்வொரு கருவிக்கும் ஒரு குழு. ஒரு குழு கண்டது மற்றதன் காதுக்குப் போகக்கூடாது. போனால் தெரிந்தோ தெரியாமலோ அதையே தானும் காண ஆரம்பித்துவிடும். மனித மனசு அப்படி. எல்லோரும் சுலபமாகக் காப்பாற்றிய இந்த விதி அவள் வீட்டில் மட்டும் பெரும்பாடாக இருந்தது. மற்ற குழுவில் இருந்தவன் அவள் புருஷன்.

படித்த காலத்தில் இருவரும் ஒரே பெஞ்சு. வேலை கிடைத்ததோ எதிரெதிர் முகாமில். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வேலையையும் கழற்றிவிட வேண்டும் என்று பேசி வைத்திருந்தார்கள். மகளின் பள்ளிக்கூடம், ஒழுகும் குழாய், மாடி வீட்டு நாய் என்று பேச விஷயத்துக்குப் பஞ்சமில்லை.

அந்த வருஷம் இரண்டு குழுக்களும் ஒரே புதுத் துகளைத் தேடிக்கொண்டிருந்தன. கணக்குப் போடும் முறை முடிவாகும்வரை, வரைபடத்தில் துகள் தென்படக்கூடிய பகுதியை மூடியே வைத்திருப்பார்கள். ஆசை கணக்கைக் கெடுத்துவிடும் என்ற பயம். முறை முடிவானதும் எல்லோரும் கூடியிருக்கும்போது திறப்பார்கள்.

அவள் குழு திறந்தது. வழுவழுவென்று சரிந்து வந்த கோட்டின் நடுவே, போர்வைக்குள் பூனை சுருண்டிருப்பதுபோல ஒரு மேடு. யாரும் கைதட்டவில்லை. குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். மேடு அங்கேயேதான் இருந்தது.

"வெளியில மூச்சு விடக்கூடாது. வீட்லயும்தான்" என்றார். எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின.

வீட்டுக்கு வந்ததும் வெங்காயக் கூடையை இழுத்து வைத்துக்கொண்டு நறுக்க உட்கார்ந்துவிட்டாள். முகம் எப்படிக் கோணினாலும் பழியை வெங்காயத்தின் மேல் போட்டுவிடலாமே. அவன் வந்தான். எழவு வீட்டிலிருந்து நேராக வந்தவன் போல இருந்தது முகம்.

"என்ன, இவ்ளோ வெங்காயம்?"

"சும்மாதான். சாப்பிடறியா?"

"வேணாம். தலைவலி."

மகள் தன் ஓவியத்தைக் காட்டப் போனாள். அவன் பார்க்காமலேயே "நல்லாருக்கு" என்றான். அவள் கத்தி பாதியில் நின்றது. அவன் குழுவும் திறந்துவிட்டது. திறந்து பார்த்தால் ஒன்றுமில்லை. வேறு எதற்கு இந்த முகம்? அவர்களிடம் இல்லாதது எங்களிடம் மட்டும் எப்படி இருக்கும்? அப்படியானால் எங்கள் மேடு பொய்.

மறுநாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. எழுதிய கணினி நிரலை வரிவரியாகப் படித்தாள். தப்பு அகப்படவில்லை. அகப்படாததே அவளை இன்னும் பயமுறுத்தியது. தலைவர் கட்டுரையை அனுப்பிவிடலாம் என்றபோது எழுந்து நின்றாள்.

"சார், கொஞ்சம் பொறுங்க. சூடு ஏறினப்போ கருவி காட்டுற அளவு நகர்ந்திருக்குமோன்னு தோணுது. இன்னொரு தடவ சரிபாக்கணும்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் அடிக்க வந்திருப்பார்கள். சொன்னது சந்தேகி. தலைவர் பெருமூச்சு விட்டார். "நீ சொன்னா சரிம்மா. பாரு."

பார்த்தாள். அளவு ஒரு மயிரிழையும் நகரவில்லை. இன்னொரு சந்தேகத்தைக் கிளப்பினாள். அதுவும் புஸ்ஸென்று போனது. இதற்கிடையில் வீடு ஊமையாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை விடுதியிலிருந்து நாத்தனார் வந்தாள். அவள் மொழியியல் ஆராய்ச்சி மாணவி. பேச்சுக்கு நடுவே ஜனங்கள் விடும் மௌனம்தான் அவளுடைய ஆராய்ச்சி.

"அண்ணி, உங்க ரெண்டு பேரையும் ரெக்கார்ட் பண்ணா என் தீசிஸே முடிஞ்சிடும் போல. பேச்சே இல்ல, வெறும் கேப்புதான்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. நாத்தனார் மெல்லத் தட்டை எடுத்துக்கொண்டு குழந்தையின் அறைக்குப் போய்விட்டாள்.

அந்த வாரமே மற்ற குழுவிடமிருந்து அழைப்பு வந்தது: புதிய முடிவு, பெரிய அரங்கம், எல்லோரும் வரலாம். ஒன்றும் கிடைக்கவில்லை என்று அறிவிக்கப் பெரிய அரங்கம் எதற்கு என்று அவளுக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. திரையில் வரைபடம் விழுந்தது. அதே இடம், அதே மேடு. அரங்கம் எழுந்து கைதட்டியது. அவள் மட்டும் உட்கார்ந்தே இருந்தாள்.

முதலில் வந்தது சந்தோஷம், அது நிஜம்தான். இப்படி ஒரு துகள் இருக்கிறது, பொய்யில்லை! அடுத்த நொடியே தன் குழு இருந்த பக்கம் திரும்பினாள். தலைவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நடைபாதையில் பிடித்துக்கொண்டார். "அந்த அளவு விஷயத்துல என்னம்மா கண்டுபிடிச்ச?"

"ஒண்ணுமில்ல சார்."

"அப்புறம் எதுக்கு நம்மள நிறுத்தி வெச்ச?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "என் வீட்டுக்காரர் மூஞ்சியப் பாத்தேன் சார். அவங்களுக்கு ஒண்ணும் கிடைக்கலன்னு நெனச்சுட்டேன்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவர், "இத நீயே எல்லார்கிட்டயும் சொல்லிடு" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

வீட்டில் அவன் இனிப்போடு காத்திருந்தான். அவள் பையை மேஜைமேல் எறிந்தாள்.

"கண்டுபிடிச்சவன் வெக்கிற மூஞ்சியாடா அது?"

"வேற எப்படி வெச்சுக்கறதாம்? லேசா சிரிச்சாக்கூட நீ மோப்பம் பிடிச்சிடுவ. அதான் உம்முன்னு இருந்தேன்." கொஞ்சம் தயங்கினான். "அதுவும் அன்னிக்கு வாசல்ல நுழையறப்போ மட்டும்தான் நடிப்பு. அப்புறம் நீ வெங்காயத்த வெச்சுக்கிட்டு அழுதியா, உங்ககிட்ட ஒண்ணும் இல்லன்னு எனக்குத் தோணிடுச்சு. எங்களது தப்போன்னு நடுங்கிட்டேன். மீட்டிங்ல நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினேன்."

"அப்புறம்?"

"யாரு கேட்டா? உக்காருன்னுட்டாங்க."

அவள் நாற்காலியில் சரிந்தாள். அவன் பேச்சை ஒருவரும் கேட்கவில்லை, அவன் குழு ஜெயித்தது. அவள் பேச்சை எல்லோரும் கேட்டார்கள். இத்தனை வருஷம் சம்பாதித்த நம்பிக்கை முழுவதையும் ஒரு முகத்தை நம்பித் தொலைத்துவிட்டோமே என்று நொந்துகொண்டாள். அவன் அவள் தோளைத் தொட வந்தான். தட்டிவிட்டாள்.

குழுக் கூட்டத்தில் உள்ளதை உள்ளபடி சொன்னாள். சிலர் சிரித்தார்கள். வருஷக்கணக்காக அவளுடன் டீ குடித்த குழுத் தோழி எழுந்து வெளியே போனாள். அதன்பின் அந்தத் தோழி அவளிடம் பேசவேயில்லை. அவள் குழுவின் கட்டுரை இரண்டாவதாக வெளிவந்தது. தனியாகப் பார்த்த இன்னொரு கண்ணும் அதையே கண்டதால்தான் உலகம் அந்தத் துகளை நம்பியது என்று தலைவர் எல்லா மேடையிலும் சொன்னார். ஆனால் அவள் பக்கம் பார்த்துச் சொன்னதில்லை.

அவள் குழுவை விட்டு விலகவில்லை. துகளின் மற்ற குணங்களைத் தேடும் வேலை வந்தபோது, மூடி வைத்த வரைபடத்தைத் திறக்கும் வாரம் வீட்டில் இருக்கமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். நாத்தனாரின் விடுதி அறைக்குத் துணிமூட்டையோடு கிளம்பியபோது மகள் வாசலை மறித்தாள்.

"அப்பாகூட சண்டையாம்மா?"

"இல்லடி. இயற்பியல்."

மகள் நம்பவில்லை, அப்பாவிடம் கேட்க உள்ளே ஓடினாள். பேருந்து நிறுத்தத்தில் அவளுடைய போன் அதிர்ந்தது. அவனிடமிருந்துதான் செய்தி. 'பாப்பாவோட ஷூ எங்க??' என்று இருந்தது. அவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். ஷூவுக்கு எதற்கு இரண்டு கேள்விக்குறி? சாதாரணமாக ஒன்றுதானே போடுவான்? அவன் குழுவும் திறந்துவிட்டதோ? பேருந்து வந்து நின்றது. போனை அணைத்துப் பையின் அடியில் திணித்துவிட்டு ஏறினாள்.