அத்தான் டீசல் போட்ட கதை

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. என் அத்தானின் பைக்கில் தப்பான எரிபொருள் போனதால் உதித்தது. இலக்கியத்துக்கு இதைவிட உயர்ந்த தூண்டுதல்கள் உண்டு என்பது தெரியும். எனக்கு வாய்த்தது இதுதான்.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: ‘காலையின் பொன்னொளியில் அந்தப் பெட்ரோல் பங்க்...’

வேண்டாம். பெட்ரோல் பங்க் எந்த ஒளியிலும் பெட்ரோல் பங்க்தான்.

2

அத்தானுக்குத் தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துப் போடும் வேலை. எது எந்த அறைக்குப் போகவேண்டும் என்று நாள் முழுக்கப் பார்த்துப் பார்த்துப் போடுபவர். (இதை நான் சேர்க்கவில்லை, உண்மையிலேயே அதுதான் வேலை.) மீதி நேரத்தில் ஊருக்கு அறிவுரை சொல்வார். அவருடைய பத்து வருடப் பழைய நூறு சிசி பைக்குக்கு ஸ்பெஷல் பெட்ரோல் தவிர வேறெதுவும் ஆகாது.

தெருமுனை மெக்கானிக் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

“சார், அது பெரிய இன்ஜினுக்கு. அதுல அழுத்தம் அதிகம், சாதா பெட்ரோல் முன்கூட்டியே பத்திக்கும். உங்க வண்டிக்கு அந்தத் தொல்லையே இல்ல. வண்டியோட வந்த புத்தகத்துலயே சாதானுதான் போட்டிருக்கு.”

“புத்தகம் எழுதினவனுக்கு என் வண்டியத் தெரியுமா?”

(மெக்கானிக்கை ஒரு ஞானியாக்கலாமா என்று யோசித்தேன். அவர் மூக்கைச் சிந்திவிட்டு ஸ்பேனரைத் தேடப் போனார். விட்டுவிட்டேன்.)

3

அன்று அக்காவுக்கு நேர்முகத் தேர்வு. வேதியியல் படித்துவிட்டுப் பதினோரு வருடம் வீட்டில் இருந்தவளுக்குக் குடிநீர் பரிசோதனைக் கூடத்திலிருந்து அழைப்பு வந்திருந்தது. ஒன்பதரைக்கு அங்கே இருக்கவேண்டும். ஒன்பது மணிக்கு, அவளைக் கூட்டிப் போகும் வழியில், அத்தான் பங்க்கில் வண்டியை நிறுத்தினார். நாமே குழாயை எடுத்து நிரப்பிக்கொள்ளும் பங்க். பின்னால் ரொட்டி வேன்.

“பெட்ரோல்ல ஆக்டேன்னா என்னனு தெரியுமா உங்களுக்கு?” என்று வேன் டிரைவரிடம் திரும்பிக் கேட்டார் அத்தான்.

“தெரியாது சார். கொஞ்சம் சீக்கிரம்.”

தெரியாது என்ற சொல்லைக் கேட்டால் அத்தானுக்குப் போதும். முகம் டிரைவர் பக்கம். கை குழாய் பக்கம். விளக்கம் முடிவதற்குள் டேங்க் நிரம்பியது.

ஒரு கிலோமீட்டர் தாண்டியதும் வண்டி இருமியது, புகை கக்கியது, நின்றது. அத்தான் முப்பது தடவை உதைத்துப் பார்த்தார். பிறகு டேங்க் மூடியைத் திறந்து மோந்தார். டீசல் வாடை. மூடியைப் போட்டு, மறுபடி திறந்து, இன்னொரு தடவை மோந்தார்.

அக்கா ஹெல்மெட்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். பின்னால் வந்த ரொட்டி வேனைக் கைகாட்டி நிறுத்தி ஏறிப் போனாள். பத்து நிமிடத் தாமதம். வேலை கிடைத்துவிட்டது.

4

கதையை இங்கே முடித்து, பெருமையோடு அக்காவிடம் காட்டினேன்.

“ஒண்ணு விட்டுட்ட” என்றாள். “அவர் டீசல் குழாய எடுத்தத நான் பார்த்தேன்.”

“அப்புறம் ஏன்க்கா சொல்லல?”

“எழுத்தாளர் நீதானே. யோசி.”

யோசித்தேன். தேர்வுக்குப் போகப் பயந்து, வண்டி நின்றால் நல்லது என்று இருந்திருக்கலாம். அல்லது அத்தான் ஒரே ஒரு தடவை, வாதாடித் தப்பிக்க முடியாதபடி தப்பு செய்வதைப் பார்க்க அவள் ஆசைப்பட்டிருக்கலாம். அல்லது அவள் “ஏங்க” என்று ஆரம்பிக்க, அவர் வழக்கம்போலக் கையைத் தூக்கி, “பேசிட்டிருக்கேன்ல” என்று...

மூன்றாவதைப் படித்துக் காட்டினேன். அக்கா காகிதத்தை வாங்கி மடித்தாள், மறுபடி பிரித்தாள். “இத அவர்கிட்ட காட்டுவியா?” என்று மட்டும் கேட்டாள்.

5

அத்தான் இரண்டு நாளாகக் கதையைக் காட்டச் சொல்லிக்கொண்டிருக்கிறார், பெட்ரோல் விஷயத்தில் என் தப்புகளைத் திருத்தித் தருவதற்காக. இப்போது வாசலில் செருப்பைக் கழற்றுகிறார். அந்த மூன்றாவது யோசனை தனித்தாளில்தான் இருக்கிறது. உருவினால் வந்துவிடும், கதையும் ஒன்றும் குறைந்துபோகாது. அக்கா என்னைப் பார்க்கிறாள். வேண்டும் என்கிறாளா, வேண்டாம் என்கிறாளா, எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் அவர் உட்காருவதற்குள் சொல்லுங்கள்.