மூன்றாம் மெட்டின் மணி

"மூன்றாவது மெட்டில் கேட்கும் அந்த மணிச் சத்தம் பொய். அது அந்த விளையாட்டின் மணியே இல்லை. காது என்று பேர் வைத்துக்கொண்டால் மட்டும் போதாது, கேட்கவும் வேண்டும்."

பழைய கணினி விளையாட்டுகளின் இசையைத் தேடிச் சேர்ப்பவர்கள் கூடும் இணையக் குழுவில் இப்படி எழுதியவன் அவளுடைய முன்னாள் கணவன். அங்கே அவனுக்குப் பெயர் பெட்டிக்காரன். அவளுக்குக் காது. எழுதிய ஒரு மணி நேரத்துக்குள் நாற்பது பேர் கீழே வந்து குந்திக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். "ஐயோ, காதையே திருகிட்டாரே!" என்றார் ஒருவர். "குடும்பச் சண்டைய வீட்டோட வெச்சுக்குங்கப்பா" என்றார் இன்னொருவர்.

அந்தச் சிரிப்பு அவளுக்கு உறைக்கவில்லை. உறைத்தது வேறு. அவளுடைய இணையதளத்தின் முகப்பில் ஒரே ஒரு வாக்கியம்தான் இருக்கும்: 'இங்கே உள்ள ஒவ்வொரு மெட்டும் அந்தக் காலத்துப் பெட்டியில் எப்படி ஒலித்ததோ அப்படியே.' ஏழு வருட உழைப்பில் முன்னூற்றுப் பன்னிரண்டு விளையாட்டுகளின் பதிவுகள். அந்தப் பெட்டியைக் கண்ணால் பார்த்திராதவர்களும், பெட்டியைப் போலவே ஒலிக்கும் மென்பொருள் எழுதுகிறவர்களும், ஏன், அந்த மெட்டுகளைப் போட்டுவிட்டு மறந்துபோன வயதான இசைக்காரர்களும்கூடச் சந்தேகம் வந்தால் அவள் தளத்தைத்தான் திறந்து கேட்பார்கள். அவள் சொன்னால் சரி. அவளிடம் இருந்த சொத்து அந்த ஒரு வாக்கியம்தான்.

சரிபார்த்துவிடலாம் என்றால் பெட்டி அவளிடம் இல்லை. அந்தக் காலத்துக் கணினிக்குச் சொந்தக் குரல் கிடையாது. கீச்சென்று ஒரு சத்தம் போடும், அத்தோடு சரி. இந்த வாத்தியத்தில் இந்தச் சுரம் என்று கணினி கட்டளை அனுப்பும். வாசிப்பது தனியாக ஒரு சாம்பல் நிறப் பெட்டி. விவாகரத்தின்போது இரண்டு வக்கீல்களும் சாமான் பட்டியல் போட்டார்கள். பழைய கணினி மனைவிக்கு, பெட்டி கணவனுக்கு என்று முடிந்தது. பூட்டை ஒருவருக்கும் சாவியை மற்றவருக்கும் கொடுத்துவிட்டோம் என்பது அந்த வக்கீல்களுக்குத் தெரியாது. தெரிந்த இருவரும் வாயைத் திறக்கவில்லை. முதலில் கேட்பவர் தோற்றவர் என்று இரண்டு பேரும் நினைத்திருந்தார்கள்.

இரண்டு வருடம் கழித்து இப்போது அவள்தான் கேட்டாள். "பெட்டி வேணும். ரெண்டு மணி நேரம்."

பதில் உடனே வந்தது. "பெட்டி வெளிய போகாது. வேணும்னா கணினியத் தூக்கிக்கிட்டு வாங்க. மூணாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யல."

அந்த 'வாங்க' மரியாதை இல்லை. கல்யாணமான காலத்தில் அவள் அவனை 'நீங்க' என்பாள், அவன் அவளை 'நீ' என்பான். பிரிந்த பிறகு அவள் 'நீ'க்கு இறங்கிவிட்டாள். அவன் 'நீங்க'வுக்கு ஏறிவிட்டான், பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த யாரோ ஒரு பொம்பளையிடம் பேசுவதைப் போல.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கணினியை மூன்று மாடி தூக்கி ஏறினாள். ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, மனத்துக்குள் ஒரு வசவை எடுத்துத் தீட்டிக்கொண்டாள். மேலே போய்ச் சேர்ந்தபோது கையில் மூன்று இருந்தன. கதவைத் திறந்தது அவனுடைய அக்கா. மருத்துவமனையில் இரவு வேலை முடித்து வந்த நர்ஸ், இன்னும் சீருடையைக்கூட மாற்றவில்லை.

"வாம்மா. இதைத் தூக்கிக்கிட்டா வந்தே? அவன் கீழ வந்து ஒரு கை கொடுக்கலியா?"

"கேட்டாத்தானேக்கா கொடுப்பேன்" என்று உள்ளேயிருந்து அவன் குரல் வந்தது. "அவங்கதான் யாரையும் எதுவும் கேக்க மாட்டாங்களே."

"பாருக்கா, குரல் மட்டும் கீழ் வீடு வரைக்கும் இறங்குது. கால் இறங்கல" என்றாள் அவள்.

"நான் தூங்கப் போறேன். கொலை பண்றதா இருந்தா சத்தம் போடாம பண்ணுங்க" என்று அக்கா தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவன் அறையில் மேசை காலியாகத் துடைக்கப்பட்டிருந்தது. நடுவில் பெட்டி. அவள் கணினியை அதன் பக்கத்தில் வைத்து, பின்புறம் வயரைச் சொருகினாள். அவன் கைகட்டி நின்று பார்த்தான். பெட்டியின் பின்னால் அவள் கை போனதும், "அதைத் தொடாதீங்க. என் பொருள்" என்றான்.

"கடிக்கவா போறேன்?"

"உங்க பழக்கம் எனக்குத் தெரியும்."

அவனே பெட்டியைப் போட்டான். சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் பையிலிருந்து விளையாட்டு இருந்த பிளாப்பித் தட்டை எடுத்துக் கணினிக்குள் தள்ளினாள். அது கரகரவென்று தின்றது. ஒரு சுரங்கத்துக்குள் இறங்கிப் போகும் விளையாட்டு. மூன்றாவது மெட்டு, சுரங்கத்தின் அடியில் ஒரு ஏரிக்கரைக்கு வரும்போது ஒலிக்கும். அவளுடைய பதிவில் அந்த இடத்தில் தண்ணீருக்கு அடியிலிருந்து யாரோ அசைப்பதுபோல ஒரு மணி கேட்கும். அந்த மணிக்காகவே அந்த மெட்டைக் கேட்பவர்கள் உண்டு. அவளும் எத்தனையோ நாள், கண்ணை மூடிக்கொண்டு, அந்த ஏரியின் மறுகரை எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டே கேட்டிருக்கிறாள்.

ஏரிக்கரை வந்தது. மணி வரவில்லை. அந்த இடத்தில், சளி பிடித்த குழல் மாதிரி ஏதோ ஒன்று முனகியது.

"இன்னொரு தரம்" என்றாள்.

இன்னொரு தரமும் முனகியது.

"கேட்டுச்சா?" அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுச் சாவகாசமாக உட்கார்ந்தான். "அந்த மணி கப்பல் விளையாட்டோடது. கலங்கரை விளக்கம் வரும்ல, அங்க அடிக்கும். போன வாரம் என் லேப்டாப்புல சும்மா விளையாடினேன். கேட்டதும் தூக்கிவாரிப் போட்டுச்சு. இதை எங்க கேட்டோம்னு யோசிச்சா, நம்ம பெரிய காது பதிவுல! ஏழு வருஷமா ஊரே ஏரிக்கரையில நின்னு கலங்கரை விளக்கத்துக்குக் கன்னத்துல போட்டுக்குது."

அவளுக்குக் காரணம் புரிந்துவிட்டது. தொடங்கும்போது தனக்கு வேண்டிய வாத்தியங்களைப் பெட்டிக்குள் அனுப்பிவைக்கும் விளையாட்டுகள் உண்டு. பெட்டியில் பிறவியிலேயே இருக்கும் வாத்தியங்களை நம்பி, வெறுங்கையோடு வரும் விளையாட்டுகளும் உண்டு. முதல் வகை முடிந்த கையோடு பெட்டியை அணைக்காமல் இரண்டாம் வகையைப் போட்டால், முன்னது விட்டுப்போன வாத்தியத்தையே பின்னது எடுத்து வாசிக்கும். அணைத்தால்தான் பெட்டி அதை மறக்கும்.

மடிக்கணினியைத் திறந்து பதிவுகளின் தேதியைப் பார்த்தாள். கப்பல் விளையாட்டு காலை பதினொன்று. சுரங்க விளையாட்டு அதே நாள் பன்னிரண்டு பத்து. அதற்குக் கீழே அன்றைக்கு இன்னும் நான்கு விளையாட்டுகள் இருந்தன.

அவள் விரல் அந்த நான்கின் மேல் நின்றுவிட்டது.

"என்ன, பேச்சையே காணோம்? மன்னிப்புக் கடிதம் நான் வேணா எழுதித் தரட்டுமா? எழுத்துப் பிழை இல்லாம எழுதுவேன்."

"அன்னைக்கு நடுவுல பெட்டிய அணைச்சோமா?"

"எப்படி அணைப்போம்? நீங்கதானே சுவிட்ச் மேல டேப் ஒட்டி வெச்சீங்க."

ஆமாம். அவள்தான் ஒட்டினாள். பெட்டியைப் போட்டவுடன் அடியில் ஓர் இரைச்சல் இருக்கும். சூடாகி அரை மணி கழித்துத்தான் அடங்கும். அந்த இரைச்சல் ஒரு துளிகூடப் பதிவில் விழக்கூடாது என்று, காலையில் போட்டால் சாயங்காலம்வரை யாரும் அணைக்கக்கூடாது என்று விதி போட்டாள். அவன் ஒருமுறை மறந்து அணைத்தபோது ஒரு வாரம் பேசவில்லை. அதற்கப்புறம் டேப். பெட்டியின் பின்னால் எட்டிப் பார்த்தாள். டேப்பை எப்போதோ பிய்த்திருந்தான். பசை மட்டும் அழுக்கேறிச் சதுரமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஒண்ணு இல்ல" என்றாள்.

"எது?"

"தப்பு ஒண்ணு இல்ல. ஒவ்வொரு நாளும் முதல்ல பதிவு பண்ணினது மட்டும்தான் சுத்தம். மத்ததுல எதுல எது கலந்திருக்குன்னு யாருக்குத் தெரியும்? அம்பத்தெட்டு நாள் பதிவு பண்ணியிருக்கோம். முன்னூத்திப் பன்னெண்டுல அம்பத்தெட்டு போனா…"

அவன் கால்மேல் போட்டிருந்த காலைக் கீழே இறக்கினான். "இருநூத்தி அம்பத்தினாலு" என்றான் மெதுவாக. கணக்கில் அவன் எப்போதும் கெட்டி. பிறகு அந்த எண் அவனுக்கும் உறைத்தது. ஒவ்வொரு பதிவின் கீழேயும் 'பெட்டி: பெட்டிக்காரன்' என்று இருக்கிறது. அடுத்த மாதம் பழைய இசைக்கருவிகள் கண்காட்சியில் அவன்தான் பேசப் போகிறான். அங்கே அவர்கள் ஒலிபரப்பப்போவது இந்தப் பதிவுகளைத்தான்.

"இங்க பாரு" என்றான். 'நீ'க்கு இறங்கியதை அவன் கவனிக்கவில்லை. "இதை யாருக்கும் சொல்லாதே. நான் சொன்னது ஒரே ஒரு மணி. அதை மட்டும் ஒத்துக்கோ. மிச்சத்தை வாரா வாரம் இங்க வந்து திரும்பப் பதிவு பண்ணு, ஒவ்வொண்ணா பழசை எடுத்துட்டுப் புதுசைப் போடு. ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது."

"சொன்னா?"

"சொன்னா பெட்டி பீரோவுக்குள்ள போயிடும். சாவி என் இடுப்புல. அப்புறம் உன் வாக்கியத்த நீயே சட்டம் போட்டு மாட்டிக்கோ."

அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. அதை மறைக்க முடியாது. சத்தமில்லாமல் மாற்றிவிடலாம், வாக்கியம் இருக்கும், பெட்டியும் கிடைக்கும். ஆனால் போன வருடம் ஒரு மென்பொருள்காரர் அவளுக்கு எழுதியிருந்தார். தன் மென்பொருளில் அந்த ஏரிக்கரை மணி வரவில்லை என்று மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டாராம். கடைசியில் அவள் பதிவுக்கு ஒத்துப்போகும்படி தன்னுடையதைத் திருத்திவிட்டாராம், மிக்க நன்றியாம். சரியாக இருந்ததை அவளை நம்பிக் கெடுத்திருக்கிறார். இப்படி எத்தனை பேரோ. கோப்பைச் சத்தமில்லாமல் மாற்றினால் அவர்கள் கெடுத்தது கெட்டதாகவே கிடக்கும்.

அவள் தளத்தைத் திறந்தாள். முகப்பு வாக்கியத்தை அழித்தாள். அதன் இடத்தில் தட்டச்சு செய்யத் தொடங்கினாள்.

"என்ன எழுதுறே?"

"உனக்கு எழுத்துப் பிழை பார்க்கத் தெரியும்ல, அப்புறமா படிச்சுப் பாரு."

அவன் ஓடினான். கூடத்தில் இருந்த இணையப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, பாம்பைப் பிடித்தவன் மாதிரி வாசலில் வந்து நின்றான். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பையைத் தோளில் மாட்டி, மடிக்கணினியைத் திறந்தபடியே ஏந்திக்கொண்டு, அவனைத் தாண்டி வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்து, செல்போன் இணைப்பில் எழுதி முடித்தாள். பின்னால் கதவு படாரென்று சாத்தப்பட்டது. உள்ளே அக்கா, "டேய், தூங்க விடுங்கடா!" என்று கத்தினாள்.

பதிவேற்றிய பிறகுதான் கணினி உள்ளேயே மாட்டிக்கொண்டது நினைவுக்கு வந்தது. பிளாப்பிகள் மட்டும் அவள் பையில் இருந்தன.

குழுவில் மழை கொட்டியது. ஒருவர், ஏழு வருடம் ஏமாற்றியதற்கு வெட்கமில்லையா என்றார். ஒருவர், எனக்கு அப்போதே தெரியும் என்றார்; அவருக்கு எதுவும் எப்போதும் அப்போதே தெரியும். மென்பொருள்காரர் மட்டும் ஒன்றும் எழுதாமல் ஒரு முற்றுப்புள்ளி வைத்துவிட்டுப் போனார். அதுதான் அதிகம் வலித்தது. படிக்கட்டில் யாரோ காய்கறிப் பையோடு அவளைச் சுற்றிக்கொண்டு ஏறிப் போனார்கள்.

இருபது நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. அவன் கையில் போன். முகம் சிவந்திருந்தது.

"இது என்ன? 'அணைக்கக்கூடாது என்ற விதி என்னுடையது, பிழை முழுவதும் என்னுடையது.' என்ன அர்த்தம் இதுக்கு?"

"தமிழ்தானே. நல்லாத்தானே இருக்கு."

"பெட்டி யாரோடது? பக்கத்துல உட்கார்ந்திருந்தது யாரு? ஏழு வருஷம் எனக்கும் காது இருந்துச்சுல்ல? நான் என்ன அங்க ஸ்டூலா? என் பேரை எதுக்கு விட்டீங்க? எனக்குப் பிச்சை போடுறீங்களா?"

"விட்டா ஒரு சண்டை, போட்டா ஒரு சண்டை. உனக்கு என்னதான் வேணும்?"

"போடுங்க. இப்பவே போடுங்க. 'பிழை இருவருடையது.' கண்காட்சிக்காரங்களுக்கு நானே சொல்லிட்டேன், வேற ஆளப் பாத்துக்கச் சொல்லி. நீங்க பெரிய தியாகி, நான் தப்பிச்சு ஓடினவன்னு ஆகணுமா? நடக்காது."

அவள் அந்த வரியைத் திருத்தினாள். கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிக்கொண்டு அவன் படித்துப் பார்த்தான். 'இருவருடையதும்' என்று ஓர் 'உம்' சேர்க்கச் சொன்னான். அவள் சேர்க்கவில்லை.

"உள்ள வந்து உங்க சாமானை எடுத்துக்கிட்டுப் போங்க" என்றான்.

"அதைத் திரும்ப மூணு மாடி இறக்க எனக்குத் தெம்பில்ல."

"அப்ப?"

"அங்கயே கிடக்கட்டும். பிளாப்பிய நான் கொண்டுவரேன்."

அவன் கதவைப் பிடித்தபடி கணக்குப் போட்டான். "ஒவ்வொண்ணுக்கும் அணைக்கணும். திரும்ப சூடாக அரை மணி. ஒரு நாளைக்கு நாலு முடிஞ்சாப் பெருசு. அறுபத்துநாலு சனிக்கிழமை." அவன் முகம் கசந்தது. "ஒரு வருஷத்துக்கு மேல உங்க மூஞ்சியப் பார்க்கணும்."

"எனக்கு மட்டும் என்ன கொள்ளை ஆசையா?"

"பெட்டிய நான்தான் அணைப்பேன். நான்தான் போடுவேன்."

"அணைக்கிறத நான் கண்ணால பார்ப்பேன். உன் வாய்வார்த்தை எனக்கு வேண்டாம்."

"டீ கிடையாது."

"நீ போடுற டீய யாரு கேட்டா?"

உள்ளே போனார்கள். அவன் பெட்டியை அணைத்தான். சிவப்பு விளக்கு போனது. அவள் குனிந்து, விளக்கு உண்மையிலேயே போய்விட்டதா என்று முகத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தாள். அவனுக்கு எரிச்சலூட்டவேண்டும் என்பதற்காகத் தேவைக்கு மேல் சற்று நேரம் பார்த்தாள். அவன் திரும்பப் போட்டான். இரைச்சல் மெல்ல எழுந்து அறையை நிறைத்தது.

இனி அரை மணி நேரம் சூடாக வேண்டும். பேச ஒன்றுமில்லை, போக இடமுமில்லை. அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவன் நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தான்.

"காலை எடுங்க. வயர் மேல இருக்கு."

அவள் எடுக்கவில்லை. ஐந்து நிமிடம் கழித்து, தனக்கே தோன்றியதுபோல எடுத்தாள்.