ஒரு வரிச் சாட்சி

அந்தக் கிறிஸ்தவச் சபையில் ஒருவன் முதன்முறை திருவிருந்தில் அப்பம் எடுக்க வேண்டுமானால், அவன் மெய்யாகவே இரட்சிக்கப்பட்டவன் என்று மூப்பர் ஒருவர் ஒரு வரி எழுதிக் கையெழுத்திட வேண்டும். நமது மூப்பர் முப்பது பேருக்கு மேல் எழுதியிருக்கிறார்; ஒருவருக்கும் பேனா தயங்கியதில்லை. இம்முறை வந்த காகிதம் சொந்தத் தம்பிக்கானது.

தம்பிக்குப் பட்டப்பெயர் பட்டாசு. குடித்துவிட்டுக் கல்யாண வீட்டில் நாற்காலியைத் தூக்கி எறிந்தவன், அப்பாவின் அடக்கத்துக்கே வராதவன். நாலு பேர் மதிக்க வாழ்ந்த குடும்பத்தைத் தலைகுனிய வைத்தவன் என்று மூப்பர் பத்து வருஷமாக அவன் முகத்தில் விழிக்கவில்லை. இப்போது எட்டு மாதமாகக் குடியை விட்டு, மனந்திரும்பிவிட்டதாகச் சொல்கிறான். கூடப் பிறந்தவருக்குத் தெரியாததா என்று போதகர் காகிதத்தை அவரிடமே நீட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலைக்குள் கொடுத்தாக வேண்டும்.

மூப்பருக்கு எரிவாயு சிலிண்டர் தொழிற்சாலையில் சோதனை வேலை. சிலிண்டரில் தண்ணீரை நிரப்பி அழுத்தத்தை ஏற்றுவார். அழுத்தமானியின் முள் அரை நிமிஷம் அசையாமல் நின்றால் முத்திரை. மயிரிழை இறங்கினாலும் உடைசலுக்குப் போய்விடும். பெயின்டின் பளபளப்பை அவர் நம்பியதே கிடையாது. தம்பியையும் அப்படியே பார்த்துவிடுவது என்று சனிக்கிழமை மத்தியானம் அவனுடைய சோபா தைக்கும் கடைக்குப் போனார்.

போனவர் உட்காரக்கூட இல்லை. "அப்பா சாகும்போது எந்தச் சாக்கடையிலடா கிடந்தே?" என்றார்.

பழைய பட்டாசாக இருந்தால் கத்தரிக்கோல் பறந்திருக்கும். அவன் வளைந்த ஊசியை மெத்தையில் குத்தி நிறுத்தினான். "தினமும் என்னை நானே கேக்குறதுதாண்ணே அது. நீங்களும் கேளுங்க, பரவால்ல."

முள் அசையவில்லை. மூப்பர் உட்கார்ந்து காகிதத்தை எடுத்து மடியில் விரித்தார். அந்நேரம் பார்த்துத் தம்பியின் போன் அடித்தது. சோபா இன்னும் வரவில்லை என்று வாடிக்கையாளர் ஏதோ சொல்ல, இவன் நல்ல குடும்பத்தில் பிறந்தவன் வாயில் வரக்கூடாத ஒரு வார்த்தையைச் சொல்லி, போனைப் பஞ்சுக் குவியலில் வீசினான். மூப்பர் பேனாவை மூடினார். உடைசல்தான்.

ஆனால் அவர் எழுந்திருக்குமுன் அவன் பஞ்சைத் துழாவிப் போனை எடுத்து அந்த ஆளையே திரும்பக் கூப்பிட்டான். வாய் தவறிவிட்டது, மன்னிக்க வேண்டும் என்று கெஞ்சினான். இறங்கிய முள் தானாக மேலே ஏறி எந்தச் சிலிண்டரிலும் மூப்பர் பார்த்ததில்லை. இதற்கு என்ன முத்திரை குத்துவது?

"நீங்க என்னைக்கு இரட்சிக்கப்பட்டீங்கண்ணே?" என்று தம்பி கேட்டான். குத்தலாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான்.

அந்தத் தேதி அவருக்குத் தலைகீழ்ப் பாடம். பந்தல் போட்ட கூட்டம், பன்னிரண்டாம் தேதி, முன்வரிசையில் முழங்கால் போட்டது எல்லாம் சொன்னார்.

தம்பி நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே சிரித்தான். "அந்தக் கூட்டம் முடிஞ்சு வந்துதான் என் முதுகைப் பெல்ட்டால உரிச்சீங்க. உங்க வேதப்புஸ்தகத்தை அழுக்குக் கையால தொட்டேன்னு."

அடித்ததே அவருக்கு மறந்து போயிருந்தது. இப்போது பெல்ட்டின் கொக்கிகூட ஞாபகம் வந்தது. அப்படியானால் அன்று முன்வரிசையில் நடந்தது என்ன? வீட்டுக்கு வந்து பழைய பெட்டியைக் கிளறி, தமக்கு எழுதப்பட்ட காகிதத்தைத் தேடி எடுத்தார். காலமாகிவிட்ட ஒரு மூப்பர் எழுதியிருந்தார்: 'நல்ல குடும்பத்துப் பையன். ஐயமில்லை.' அவர் இவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அப்பாவைத் தெரியும், அவ்வளவுதான். இத்தனை நாள் பெருமையாக நினைத்த வரியை மடித்துப் பெட்டியிலேயே போட்டுவிட்டுத் தம்பியின் காகிதத்தை எடுத்தார்.

ஞாயிறு காலை போதகரிடம் கொடுத்த காகிதத்தில் 'இவன் என் தம்பி. மற்றது எனக்குத் தெரியவில்லை' என்றிருந்தது. போதகர் இரண்டு முறை படித்துவிட்டு, எதற்கும் அப்பத் தட்டு உங்கள் கையில்தானே, அந்த நேரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நழுவிவிட்டார்.

அப்பத் தட்டோடு மூப்பர் வரிசை வரிசையாக நடந்தார். கடைசி பெஞ்சில் தம்பி இருந்தான். ஊசி குத்திய விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தான். "எடுக்கவாண்ணே?"

சபை முழுக்கத் திரும்பிப் பார்ப்பது மூப்பருக்கு முதுகில் தெரிந்தது.

"அழுக்குக் கையா இருந்தாலும் எடுடா" என்றார். பிறகு தாம் எடுக்கலாமா என்று யாரிடம் கேட்பது என்று தெரியாமல், தட்டைப் பிடித்தபடி அங்கேயே நின்றார்.