அம்மா எங்க?

பூண்டு நடவு தொடங்கிவிட்டால் கூக்கால் மலைக்கிராமத்தில் கைக்குழந்தைக்காரிகள் பாடு திண்டாட்டம்தான். விதைப் பூண்டைப் பல் பல்லாக உடைத்து விரலெல்லாம் சாறு ஊறிப்போகும். சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் போகாது. அந்தக் கை பிள்ளையின் முகத்தில் பட்டால் கண் எரிந்து வீலென்று கத்தும். அதனால் பால் கொடுப்பதோடு சரி. துடைப்பது, சோறு ஊட்டுவது, தூங்கவைப்பது எல்லாம் வீட்டிலுள்ள பெரிய பெண்பிள்ளையின் சோலி. நடவு முடிந்தால் களை, களை முடிந்தால் அறுவடை, மறுபடியும் நடவு. தாய்மார்களின் கைக்கு ஓய்வே கிடையாது.

சின்னத்தாயி வீட்டில் அந்தப் பெரிய பிள்ளை பொன்னுத்தாய். வயது பன்னிரண்டு. தம்பி பிறந்ததும் ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியபோது அவள் அழவில்லை. வாத்தியார் பேர் சொல்லிக் கூப்பிட்டாலே முன்னால் இருப்பவள் முதுகுக்குப் பின்னால் குனிந்துகொள்வாள். மற்றப் பெண்கள் கூடி நின்று குசுகுசுவென்று பேசிச் சிரிக்கும்போது, எந்த இடத்தில் சேர்ந்து சிரிப்பதென்று தெரியாது. ஒரு வார்த்தையை யோசித்து வைத்துக்கொண்டு வாயைத் திறப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும்.

தம்பி அழகுமலையிடம் அந்தச் சிரமமே இல்லை. மூன்றாம் மாதத்தில் அவள் முகத்தைப் பார்த்துப் பொக்கை வாயைத் திறந்தான். அவள் நாக்கை நீட்டினால் அவனும் நீட்டினான். தவழ ஆரம்பித்ததும் கொஞ்ச தூரம் போவான், திரும்புவான், அக்கா இருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டுதான் மேற்கொண்டு போவான். புது ஆள் யாராவது வந்தால் விறுவிறுவென்று தவழ்ந்துவந்து அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொள்வான். அதற்கு முன் யாரும் அவளை அப்படித் தேடியதில்லை.

ஒரு மத்தியானம், பூண்டுக் காட்டோரத்து மரநிழலில், அவன் அவள் பாவாடையைப் பிடித்து எழுந்து நின்று, "ம்மா" என்றான். 'அக்கா' என்று திருத்தியிருக்க வேண்டும். அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். அம்மா எட்டத்தில் குனிந்து களை பறித்துக்கொண்டிருந்தாள். பொன்னுத்தாய் மெல்ல, "ம்" என்றாள். முகம் சூடேறியது.

மறுநாள் அவளே கேட்டாள். "அம்மா எங்க?" அவன் கையைப் பிடித்துத் தன் மூக்கின்மேல் அறைந்துகொண்டு, ஆடு மாதிரி "ம்மே" என்றாள். அவன் விக்கல் எடுக்கும்வரை சிரித்தான். பிறகு தினமும் அந்த விளையாட்டுத்தான். கேட்ட மாத்திரத்தில் கை அவள் மூக்குக்கு வந்துவிடும். வீட்டில் மட்டும் அவள் அதைக் கேட்பதில்லை.

சின்னத்தாயியோ பொழுது சாய்ந்து காலைக் கழுவிக்கொண்டே வாசலிலிருந்து கேட்பாள்.

"ஏடி, இன்னைக்காச்சும் வாயத் தெறந்தானா?"

"இல்லம்மா."

"நம்ம பயலுக்குப் பேச்சு மெதுவாத்தான் வரும் போல. வரட்டும் வரட்டும். மொதல்ல என்னையத்தான் கூப்புடுவான், பாத்துக்க."

பொன்னுத்தாய் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒன்றரை வயதில் ஏரிக்கரைக் கோயிலில் முடியெடுக்க நாள் குறித்தார்கள். அதற்காகச் சின்னத்தாயி சில நாள் பூண்டையே தொடவில்லை. எலுமிச்சந்தோலால் கையைத் தேய்த்துத் தேய்த்து மோந்து பார்த்தாள். அன்றைக்குக் கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டாள்.

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் முடியெடுக்க வேண்டும். மாமன் செல்லப்பாண்டி பூம்பாறையிலிருந்து பொண்டாட்டி கந்தம்மாளோடு வந்திருந்தார். அவருடைய மீசையைக் கண்டதும் பிள்ளை விறைத்துக்கொண்டு அலறினான்.

"ஏலே, நான் ஒம் மாமன்டா, போலீசுக்காரன் இல்லடா!" என்றார் அவர். கூட்டம் சிரித்தது.

"தலைய ஆட்டுனா கத்தி பட்டுருமுங்க. யாராச்சும் வெரசா வேடிக்கை காட்டுங்க" என்றார் நாவிதர்.

சின்னத்தாயி முன்னால் வந்து கையைத் தட்டினாள். "அழகு, இங்க பாரு சாமி." அவன் பார்க்கவில்லை. அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடி மூடித் திறந்து கேட்டாள்: "அம்மா எங்க? அம்மா எங்க?"

அழுகை சட்டென்று நின்றது. அவனுக்குத் தெரிந்த கேள்வி அது. கன்னத்தில் கண்ணீர் வழிய இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். மாமனுக்குப் பக்கத்தில், தலை நனைக்கத் தண்ணீர்ச் செம்போடு குனிந்து நின்றாள் பொன்னுத்தாய். "ம்மா" என்று எட்டி, அவள் மூக்கின்மேல் கையை அறைந்தான்.

கூட்டம் ஓவென்று சிரித்தது.

"அடி ஆத்தீ!" என்றாள் கந்தம்மாள். "மருமகளே, எம் மகனக் கட்டிக்கிட்டு வாரப்ப கையோட ஒரு புள்ளையவும் கூட்டிட்டு வந்துருவ போலருக்கே!"

இன்னும் பலத்த சிரிப்பு. பொன்னுத்தாய்க்குக் காதெல்லாம் எரிந்தது. அவள் அண்ணாந்து அம்மாவைப் பார்த்தாள். அம்மாவும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். கண் மட்டும் பிள்ளையின் கையிலேயே இருந்தது.

அவன் கையை எடுக்கவில்லை. ஆட்டுச் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தான். அவள் முகத்தையே பார்த்தான். சத்தம் வரவில்லை என்றதும் இன்னொரு தடவை தட்டினான். இது ஒருநாளில் வந்த பழக்கமில்லை என்பது பெற்றவளுக்குத் தெரிந்துபோயிற்று. சின்னத்தாயியின் சிரிப்பு மெல்ல இறங்கியது.

"என்னமோ வெளையாட்டு போல. செய்யிடி" என்றாள் தணிந்த குரலில். "புள்ள காத்திருக்கான்ல."

"அம்மா..."

"செய்யின்னேன்."

பொன்னுத்தாய், ஊர் முன்னால், "ம்மே" என்றாள். பிள்ளை கலகலவென்று சிரித்தான். நாவிதர் தலையை நனைத்துக் கத்தியை வைத்தார். முடி முழுக்க இறங்கும்வரை அவள் ஆட்டுச் சத்தம் போட வேண்டியிருந்தது. சின்னத்தாயி இரண்டடி பின்னால் போய்ப் பெண்களோடு நின்றுகொண்டாள்.

சாப்பாடு முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு, பாத்திரம் துலக்குகிற இடத்தில் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எப்ப இருந்துடி?"

"களையெடுப்புல இருந்து."

"நான் கேட்டப்பல்லாம் இல்ல இல்லன்ன."

பொன்னுத்தாய் துலக்கிய தட்டையே திரும்பத் துலக்கினாள்.

"அக்கான்னு சொல்லிக் குடுத்திருந்தா ஒனக்கு என்னடி கொறஞ்சிருக்கும்?"

அவளிடம் பதில் இருந்தது. அவன் ஒருவன்தான் என்னைத் தேடுகிறான் என்று சொல்லியிருக்கலாம். அதை நினைக்கவே வெட்கமாக இருந்தது. அம்மா அடித்தால் தேவலை என்றிருந்தது. அம்மா அடிக்கவில்லை.

"எம் புள்ள மொதமொத கூப்புட்டது எனக்குத் தெரியாமலே போச்சு" என்று மட்டும் சொன்னாள். எழுந்துகொண்டு, "நாளைக்கு வெள்ளனே அப்பாகூட நீ காட்டுக்குப் போ. நடவு முடியிற மட்டும் நான் வீட்டுல இருந்துக்கிறேன்" என்றாள்.

காடு வீட்டுக்கு நேர் மேலே இருந்தது. மறுநாள் பொன்னுத்தாய் வரிசையில் உட்கார்ந்து பூண்டுப் பல் ஊன்றினாள். கூடப் படித்த பெண்கள் இரண்டு பேர் நகர்ந்து இடம் விட்டார்கள்.

"இன்னைக்கு என்னடி, இடுப்பு காலியா வந்துருக்க?" என்றாள் ஒருத்தி. கெட்ட மனசோடு கேட்கவில்லை. பொன்னுத்தாய் லேசாகச் சிரித்துவைத்தாள்.

கீழே அழகுமலை அழ ஆரம்பித்தான். முதலில் கோபமாக, பிறகு ஏங்கி ஏங்கி. நடுநடுவே அம்மாவின் குரல் சமாதானம் சொல்லிப் பாட்டுப் பாடியது. அதை மீறி அவன் கத்தினான். பொன்னுத்தாயின் கை அதுபாட்டுக்கு மண்ணைக் குத்திக்கொண்டிருந்தது. பக்கத்துப் பெண்கள் எதையோ சொல்லிச் சிரித்தார்கள். அவள் காதில் விழவில்லை.

வெயில் உச்சிக்கு வந்தபோது அழுகை குறைந்தது. நின்றது. பிறகு, கொஞ்சம் பொறுத்து, அவன் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"அடங்கிட்டான் போல" என்றார் அப்பா ராமர், நிமிர்ந்துகொண்டு. "பெத்தவளாச்சே, இன்னும் ரெண்டு நாள்ல பழகிருவான்."

பொன்னுத்தாய் கையை நிறுத்திக் காதைக் கொடுத்தாள். மறுபடி அழுவானா என்று பார்த்தாள். அழ வேண்டும் என்றுதான் காத்திருக்கிறோம் என்பது உறைத்ததும், நேற்றுக் கோயிலில் வந்ததைவிடப் பெரிய வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. இதைப் பார்த்தவர் யாருமில்லை. இருந்தாலும் தலை நிமிரவில்லை.

"ஆமாப்பா" என்றாள்.