மஜீது மாமாவுக்குக் கூடிய தசை

திரையில் எண்கள் வந்து நின்றதும் சிவானந்தம் கை தட்டிவிட்டார். டயர் கடைக்காரர். மஜீதோடு தினமும் காலையில் மலாவத்தி குன்று ஏறி இறங்குகிறவர்.

"பாத்தியா மஜீது, மறுபடியும் தசை ஏறிருக்கு! இந்த வயசுல யாருக்கு இப்படி ஏறும்?"

அப்துல் மஜீது உடம்பை அளக்கும் இயந்திரத்தின் கைப்பிடிகளை விடாமல் பிடித்தபடி வெறுங்காலில் நின்றுகொண்டிருந்தார். அறுபது தாண்டியவர். ஈஜோக் சாலையில் அவருடைய சாப்பாட்டுக் கடையைத் தெரியாதவர்கள் அந்தப் பக்கம் குறைவு. நாளை இரவு மனைவி ஜெய்புன்னிசாவோடு மக்காவுக்கு, உம்ரா யாத்திரைக்கு விமானம் ஏறுகிறார். கஅபாவைச் சொந்தக் காலால் சுற்ற வேண்டும், யாரும் தள்ளிக்கொண்டு போகக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனை மாதமும் சோற்றைப் பாதியாக்கி, முட்டி வலியோடு நடந்து, உடம்பை இறக்கியிருந்தார்.

இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்ற ஷஃபீகா கை தட்டவில்லை. அவள் மஜீதின் மருமகள். மூத்த மகன் ஜமீலின் மனைவி. மலேசியாவில், கோலா சிலாங்கூரில் உள்ள இந்த உடற்பயிற்சி மையத்தில் வருகிறவர்களின் உடம்பை அளந்து, என்ன சாப்பிடலாம், எவ்வளவு சாப்பிடலாம் என்று சொல்வது அவள் வேலை. மாமனாரை இரண்டு வாரத்துக்கு முன்னால் அளந்ததும் அவள்தான்.

"என்னம்மா, ஒண்ணும் சொல்லாம நிக்கிற?" என்றார் மஜீது.

"ஒரு நிமிஷம் மாமா."

அவள் எடையைப் பார்த்தாள். கூடியிருந்தது. கொழுப்புக் குறைந்திருந்தது. தசை கூடியிருந்தது, அதுவும் கால்கள் இரண்டிலும். பாதிச் சோறு சாப்பிடும் மனிதருக்கு, இந்த வயதில், இரண்டே வாரத்தில் இவ்வளவு தசை எங்கிருந்து வரும்? எடை தூக்கும் இளைஞர்களுக்கே அது நடக்காது.

இந்த இயந்திரம் கொழுப்பைக் கண்ணால் பார்ப்பதில்லை. தசையையும் பார்ப்பதில்லை. உடம்புக்குள் நமக்குத் தெரியாத அளவு மின்சாரத்தை விட்டு, அது எவ்வளவு சுலபமாகப் போய் வருகிறது என்று பார்க்கிறது. நீர் உள்ள இடத்தில் சுலபமாகப் போகும், கொழுப்பில் தடைப்படும். தசையில் நீர் அதிகம் என்பதால், நீர் இருந்தால் தசை என்று கணக்குப் போட்டுக்கொள்கிறது. அது என்ன நீர், எங்கே நிற்கிற நீர் என்று கேட்க வேண்டியவள் அளக்கிற மனுஷி.

ஷஃபீகா திரையை அடுத்த பக்கத்துக்குத் தள்ளினாள். உடம்பின் செல்களுக்கு வெளியே தேங்கி நிற்கும் நீரைக் காட்டும் கோடு சிவப்பில் இருந்தது. போன முறை அளந்ததைத் தேடி எடுத்துப் பார்த்தாள். அப்போதே அந்தக் கோடு விளிம்பைத் தொட்டிருந்தது. அன்று அவள் இந்தப் பக்கத்தைத் திருப்பவே இல்லை. முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "மாஷா அல்லாஹ், தசை ஏறியிருக்கு மாமா" என்று சொன்னாள். அதைத்தான் அவர் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, இப்படி உக்காருங்க. காலை ஒரு தடவ பாக்கணும்."

"காலை என்னத்துக்குப் பாக்குற?"

அவள் தரையில் மண்டியிட்டாள். கழற்றிய காலுறையின் விளிம்புத் தடம் கணுக்காலுக்கு மேல் ஆழமாகப் பதிந்திருந்தது. கால்சட்டையைக் கொஞ்சம் ஏற்றி, முன்னங்கால் எலும்பின் மேல் கட்டைவிரலால் அழுத்தினாள். விரலை எடுத்தாள். ரொட்டி மாவில் அழுத்தியதுபோல் குழி விழுந்து அப்படியே நின்றது.

மஜீது காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். சிநேகிதர் முன்னால் மருமகள் தன் காலைப் பிடித்துப் பார்ப்பது அவருக்குப் பொறுக்கவில்லை.

"மாமா, இது தசை இல்ல. தண்ணி. காலுல தண்ணி கோத்திருக்கு. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"நாள் பூரா கடையில நிக்கிறவனுக்குக் கால் வீங்காதா?"

"இது அந்த வீக்கம் இல்ல. இதயமோ கிட்னியோ கஷ்டப்பட்டாத்தான் இப்படித் தண்ணி சேரும்."

"போன தடவ தசைன்னு சொன்னது யாரு? நீதானே?"

"நான்தான். தப்பாச் சொல்லிட்டேன் மாமா."

"அப்ப இன்னைக்குச் சொல்றது மட்டும் சரின்னு நான் எப்படி நம்புறது?"

அவர் காலுறையைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு, செருப்பை மாட்டி, எழுந்தார். எழும்போது நாற்காலியின் கையை இரண்டு கையாலும் ஊன்றினார். சிவானந்தம் ஷஃபீகாவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அவர் பின்னாலேயே போனார்.

அவள் ஜமீலுக்குப் போன் போட்டாள். கடையில் மத்தியானக் கூட்டம். தட்டுச் சத்தத்துக்கு நடுவில் அவன் கத்திப் பேசினான்.

"ஷஃபீ, நாளைக்கு ஃப்ளைட். இப்பப் போயி இதச் சொன்னா உம்மா தாங்க மாட்டாங்க. போய்ட்டு வரட்டும், வந்ததும் செக் பண்ணிக்கலாம்லா."

"வர்ற வரைக்கும் தாங்குமான்னுதான் பயமா இருக்கு."

"ஒரு மெஷினை வச்சு இவ்வளவு பேசுறியே. தப்பா இருந்தா?"

தப்பாக இருந்தால், மாமியாரின் உம்ராவைக் கெடுத்தவள் என்ற பேர் இந்த வீட்டில் அவள் இருக்கும் வரை போகாது. அது அவளுக்கும் தெரியும். போனை வைத்துவிட்டு, மையத்தில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, காரை எடுத்தாள்.

ஈஜோக்கில் வீட்டு வரவேற்பறை முழுக்கப் பெட்டிகள் திறந்து கிடந்தன. ஜெய்புன்னிசா தரையில் உட்கார்ந்து, உம்ராவில் கணவர் உடுத்த வேண்டிய வெள்ளை இஹ்ராம் துணியை மடித்துக்கொண்டிருந்தார். மாமனார் இன்னும் வந்திருக்கவில்லை. ஷஃபீகா நடந்ததைச் சொன்னாள். மாமி நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"உன் கல்யாணத்துக்கு முந்தியிருந்தே கிளம்பிக்கிட்டிருக்கோம். ஒரு தடவ கடைக்கு ஆள் இல்லைன்னு நின்னுச்சு. ஒரு தடவ கொரோனா வந்துச்சு. இப்பப் பெட்டி கட்டுற நேரத்துல நீ வந்து நிக்கிற."

"மாமி, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். மாமாவுக்கு மூச்சு வாங்குதா?"

"அவருக்கென்ன, குன்று ஏறுறாரு. நடுவுல நின்னு நின்னுதான், வயசாகுதுல்ல."

"ராத்திரி நல்லா படுத்துத் தூங்குறாரா?"

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. மாமி வரவேற்பறை மூலையில் கிடந்த சாய்வு நாற்காலியைப் பார்த்தார். அதில் ஒரு தலையணையும் போர்வையும் இருந்தன.

"கொஞ்ச நாளா அதுலதான் தூங்குறாரு. பின்னிரவுல எந்திரிச்சுத் தொழணும், கட்டில்ல படுத்தா அசந்துருவேன்னு சொன்னாரு. உம்ரா நெருங்குது, அல்லாஹ் அவரு மனச மாத்திட்டான்னு நானும் சந்தோஷப்பட்டேன்." அவர் குரல் தணிந்துவிட்டது. "ஏன் கேக்குற?"

நுரையீரலில் நீர் ஏறினால் மல்லாந்து படுக்க முடியாது, உட்கார்ந்தால்தான் மூச்சு வரும் என்று ஷஃபீகா எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னாள். பெட்டிக்குள் மருந்துகள் வைத்திருந்த பக்கம் அவள் கண்ணில் பட்டது. சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, அவற்றோடு ஒட்டுத்தாள் இல்லாத ஒரு பிளாஸ்டிக் டப்பா.

"இது என்ன மாமி?"

"முட்டி வலிக்கு ஜாமு. பசார் மாலாம் ராச்சந்தையில ஒருத்தன் விக்கிறான். வேர் மருந்துதானாம். அதப் போட்டாத்தான் நடக்கவே முடியுது அவரால."

வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டது. மஜீது உள்ளே வந்தார். டப்பா ஷஃபீகாவின் கையில் இருப்பதைப் பார்த்ததும் முகம் கறுத்தது.

"இங்கயும் வந்துட்டியா? என் பெட்டியக் குடையச் சொல்லி உனக்கு யாரு சொன்னது?"

"மாமா..."

"எனக்கு ஒண்ணுமில்ல. நாளைக்குப் போறோம். பேச்சு முடிஞ்சது."

ஷஃபீகா கல்யாணமாகி வந்ததிலிருந்து அவரை எதிர்த்து ஒரு சொல் பேசியதில்லை. டப்பாவை மேசையில் வைத்தாள்.

"சரி மாமா. மெஷின நம்ப வேணாம். என்னையும் நம்ப வேணாம். கட்டில்ல தலகாணி இல்லாம மல்லாந்து கொஞ்ச நேரம் படுங்க. படுத்திட்டீங்கன்னா நானே நாளைக்கு ஏர்போர்ட்டுக்குக் கார் ஓட்டுறேன். இதப்பத்தி இனிமே வாயத் தொறக்க மாட்டேன்."

"நான் என்ன சின்னப் புள்ளையா?"

"படுங்க" என்றார் ஜெய்புன்னிசா. தரையிலிருந்து எழுந்து நின்றிருந்தார். "நீங்க கட்டில்ல படுத்து நான் பாத்து எவ்வளவு நாளாச்சு. எனக்காகப் படுங்க."

மஜீது இருவரையும் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று படுக்கையறைக்குள் போய், தலையணையைத் தரையில் எறிந்துவிட்டு, மல்லாந்து படுத்தார். கண்ணை மூடிக்கொண்டார். பெண்கள் இருவரும் கதவருகில் நின்றார்கள். மேலே காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. ஷஃபீகா அவர் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் சொன்னது தப்பாகவே இருந்துவிடட்டும் என்று அந்த நொடியில் மனதார வேண்டினாள். அவர் கை விரிப்பைப் பற்றியது. கழுத்து நரம்பு கயிறுபோல் புடைத்தது. உதட்டை இறுக்கிக்கொண்டு, மூக்கால் இழுத்து இழுத்து மூச்சு வாங்கினார். வீம்பு விடவில்லை. நெற்றியில் வியர்வை பொட்டுப் பொட்டாகக் கிளம்பியது.

"போதும் மாமா, எந்திரிங்க" என்று அவள் ஓடுவதற்குள் அவரே துள்ளி எழுந்து உட்கார்ந்தார். வாய் திறந்து, கண் பிதுங்கி, தண்ணீருக்குள்ளிருந்து மேலே வந்தவர்போல் காற்றை அள்ளினார். மூச்சோடு கொரகொரவென்று ஒரு சத்தம். அவரால் பேச முடியவில்லை.

ஜெய்புன்னிசா கணவரின் முதுகைத் தாங்கிப் பிடித்தார். "ஜமீலுக்குப் போன் போடு. நீ காரை எடு. அவன் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரட்டும்."

அந்தச் சாலையை ஷஃபீகா எத்தனையோ முறை ஓட்டியிருக்கிறாள். அன்று அது முடியவே இல்லை. செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று முன்னால் ஆடி ஆடிப் போனது. முந்த இடமில்லை. எதிரே வண்டிகள் வந்தபடி இருந்தன. பின்னால் மாமனார் முன் இருக்கையைக் கட்டிக்கொண்டு குனிந்தபடி மூச்சுக்குத் திண்டாடினார். மாமி ஓதிக்கொண்டே இருந்தார். படுக்கச் சொன்னோமே, அதனாலேயே ஏதாவது ஆகிவிட்டால் என்ற நினைப்பு ஷஃபீகாவை விடவில்லை. ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. கடைசியில் லோரிக்காரன் ஓரம் ஒதுங்கினான்.

அவசரப் பிரிவில் அவரை உட்கார்ந்த நிலையிலேயே உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே வந்த டாக்டர் இந்திரகுமாரி, ஷஃபீகாவைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார், அவள் கையோடு எடுத்து வந்திருந்த ஜாமு டப்பாவை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"நுரையீரல்ல தண்ணி ஏறியிருக்கு. இதயம் ஏற்கெனவே பலவீனம், கிட்னியும் சரியா வேலை செய்யலை. இந்த மாதிரிப் பேர் இல்லாத மாத்திரைகளில ஸ்டீராய்டு கலக்கிறதை நாங்க அடிக்கடி பாக்கிறோம். வலி போகும். உடம்புல உப்பும் தண்ணியும் தங்கும். நாளாக ஆகத் தசையைக் கரைச்சிடும். பரிசோதனைக்கு அனுப்புறேன். உடம்பு இதுக்குப் பழகியிருந்தா ஒரேயடியா நிப்பாட்டவும் முடியாது, கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்க வேணும்."

"நாளைக்கு உம்ராவுக்கு..." என்று ஜமீல் ஆரம்பித்தான். கடை ஏப்ரனோடு ஓடி வந்திருந்தான்.

"நல்ல வேளை இன்னைக்குக் கொண்டு வந்தீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு டாக்டர் உள்ளே போனார்.

மறுநாள் இரவு விமானம் அவர்கள் இல்லாமல் போனது. ஜெய்புன்னிசா வார்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். ஷஃபீகா தேநீர் வாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள். மாமி அதை வாங்கிக்கொண்டார்.

"உன் மேல கோவமில்ல. நீ இல்லைன்னா இவரு இல்ல, அது எனக்குத் தெரியுது. ஆனா இன்னைக்கு மட்டும் எங்கிட்டப் பேசாத."

ஷஃபீகா தலையை ஆட்டிவிட்டு, கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.

மருந்து ஏறியதும் நீர் இறங்க ஆரம்பித்தது. ஒவ்வொரு நாளும் கால் மெலிந்தது. நீரெல்லாம் வடிந்த காலையில் மஜீது போர்வையை விலக்கித் தன் கால்களைப் பார்த்தார். தொடை கைக்கு அடங்கும்போல் இருந்தது. தோல் தொளதொளவென்று தொங்கியது. இவ்வளவு நாளும் வளர்கிறது என்று ஊரெல்லாம் சொன்ன தசை, வீக்கத்துக்கு உள்ளே சத்தமில்லாமல் கரைந்துகொண்டிருந்திருக்கிறது. அவர் போர்வையை மறுபடி இழுத்து மூடிக்கொண்டார். அன்று பார்க்க வந்த சிவானந்தத்திடம்கூடப் பேசவில்லை. ஷஃபீகாவைப் பார்த்தால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவள் வந்துகொண்டுதான் இருந்தாள். டாக்டர் சொன்னபடி உப்பில்லாமல் சமைத்துக் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனாள். மையத்தில் யாரை அளந்தாலும் இப்போது முதல் பக்கத்தை மறைத்துவிட்டு நீரின் கோட்டைத்தான் முதலில் பார்த்தாள். அதற்குப் பிறகும் குனிந்து கணுக்காலை அழுத்திப் பார்த்தாள். சிலர் சிரித்தார்கள். அவள் பொருட்படுத்தவில்லை.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முந்தின நாள், அவள் சாப்பாட்டை வைத்துவிட்டுத் திரும்பும்போது, பின்னால் குரல் வந்தது.

"நில்லு."

அவள் நின்றாள். மஜீது போர்வையை விலக்கியிருந்தார்.

"இதுல நெசமா எவ்வளவு தசை இருக்கு? மெஷின் சொல்றது வேணாம். நீ பாத்துச் சொல்லு."

அவள் கிட்டே வந்தாள். கெண்டைக்காலைப் பிடித்துப் பார்த்தாள். இந்தமுறை அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை. பொய் சொல்ல அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது.

"கொஞ்சந்தான் மாமா. ரொம்பக் கொஞ்சம்."

"திரும்ப வருமா?"

"வரும். போனது எல்லாமும் வருமான்னு தெரியலை. நாளாகும். டாக்டர் சொல்ற அளவுக்கு முட்டை, மீனுன்னு சாப்பிடணும். கை ஊனாம நாற்காலியிலேருந்து எந்திரிச்சுப் பழகணும்."

அவர் படுக்கையிலிருந்து மெதுவாக இறங்கி, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மார்பின் மேல் கட்டிக்கொண்டார். எழப் பார்த்தார். பாதி எழுந்து தொப்பென்று உட்கார்ந்தார். ஜெய்புன்னிசா பிடிக்க ஓடி வந்தார். மஜீது வேண்டாம் என்று தலையை அசைத்தார். மறுபடி எழப் பார்த்தார். தொடை வெடவெடவென்று ஆடியது. பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்து, நின்றுவிட்டார்.

"இது போதுமா?" என்றார், மூச்சு வாங்க.

"இன்னைக்கு இது போதும் மாமா."

அவர் உட்கார்ந்து, அவள் வைத்த தூக்குச்சட்டியைத் தன் பக்கம் இழுத்தார். "இதுல முட்டை இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே மூடியைத் திறந்தார்.