மெழுகுப் பல்வரிசை

கல்லூரிக்கு நீதிமன்றம் சரியான சூடு போட்டுவிட்டது என்று ஊரெல்லாம் ஒரே சந்தோஷம். யாரையும் சேர்க்கக்கூடாது என்ற தடையை மீறி, நான்கு வருஷத்துக்கு முன் ஒரு வகுப்பு முழுக்கச் சேர்த்ததற்குப் பெரிய அபராதம். தாளாளருக்கு அது சுண்டைக்காய். கட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். அந்த வகுப்பின் சேர்க்கையே செல்லாது என்பதும் அதே தீர்ப்பில்தான் இருந்தது. மாணவர்கள்மேல் அனுதாபம் உண்டாம். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இந்த வீட்டு இளைய மகள் அந்த வகுப்பில்தான் பல் மருத்துவம் படித்தாள், இறுதியாண்டு. சேரும்போது தடையைப் பற்றி அப்பா கேட்டதற்கு, அதெல்லாம் சும்மா, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று அலுவலகத்தில் சிரித்தார்கள்.

பரீட்சைக்கு, பல்லே இல்லாத ஒருவருக்கு முழுப் பல்செட் செய்து காட்ட வேண்டும். ஆள் கிடைக்காமல் அவள் அல்லாடுவதைப் பார்த்த அம்மா, தானே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். பாதிப் பல் ஏற்கெனவே போயிருந்தது, மீதி சொத்தை. கீழ் முன்வரிசை மட்டும் கல் மாதிரி நின்றது. அதுவும் வலிக்கிறது என்று பேராசிரியரிடம் கூசாமல் பொய் சொன்னாள். பொய் என்று மகளுக்குத் தெரியும். தெரிந்தேதான் எல்லாவற்றையும் பிடுங்கினாள்.

ஈறு ஆறி, அச்செடுத்து, மெழுகில் பல்லை அடுக்கி, மெழுகுக்குப் பதில் பிளாஸ்டிக் வார்த்துக் கெட்டிப்படுத்த வேண்டிய வாரத்தில் தீர்ப்பு வந்தது. ஆய்வகத்துக்குள் விடமாட்டேன் என்றார் காவலாளி. கெஞ்சிக் கூத்தாடி, மெழுகு வரிசைகளை மட்டும் டிபன் டப்பாவில் எடுத்து வந்தாள்.

வெளியே ஒரு டாக்டரிடம் கொடுத்து முடிக்கலாம் என்றாள் அக்கா. எல்லாவற்றையும் மிக்ஸியில் அரைத்துக் குடித்துக்கொண்டிருந்த அம்மா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"அவ ஆரம்பிச்சது. அவளே முடிக்கட்டும்."

இனி முடிக்கவே முடியாது என்று இளையவள் பொறுமையாகச் சொன்னாள். வேறு கல்லூரி சேர்க்காது. முதலிலிருந்து படிக்க வீட்டில் வக்கில்லை. அம்மா எல்லாம் கேட்டாள். பிறகு டப்பாவை எடுத்துவரச் சொன்னாள்.

"கடிச்சிடாதம்மா. மெழுகு, வாய்ச் சூட்டுல இளகிடும்."

மாட்டியதும் ஒட்டிய கன்னம் நிமிர்ந்தது. மகள் அம்மாவின் மோவாயைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, தேர்வாளர் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மேலும் கீழும் நூல் பிடித்த மாதிரி பொருந்தியிருந்தது. ஒரு குறை இருந்திருந்தால்கூட மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

"பாஸ்தானே?" என்றாள் அம்மா, பல் அசையாமல்.

"பாஸ்மா."

மெழுகு இளகுவதற்குள் இரண்டு வரிசையையும் கழற்றி எடுத்தாள். அம்மாவின் கன்னம் மறுபடி உள்ளே போனது.