ஒரே நிறத்துப் பைகள்

மலையேற ஒரு பை வாங்குவதில் என்ன பெரிய சிக்கல் என்று கேட்பவர்கள் தால்சுவோடு கடைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்துக் குளிர்காலம் முழுக்க வீட்டில் அடைந்து கிடந்த மனிதர், மருத்துவர் மெதுவாக ஏறலாம் என்று சொன்ன மறுநாளே சோங்னோ கடைத்தெருவுக்குக் கிளம்பிவிட்டார். அவர் மனைவி கும்ரே விடாமல் பின்னால் போனாள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை, கை போன இடத்தில் இருக்க வேண்டும். கடைக்காரர் ஓர் ஆரஞ்சுப் பைக்குள் மணல் மூட்டையைப் போட்டு, தால்சுவின் முதுகில் மாட்டி, வார்களை இழுத்துவிட்டார். பாரம் தோளை இழுக்காமல் இடுப்பில் உட்கார்ந்தது. இடுப்பு வாரிலேயே ஜிப் வைத்த குட்டிப் பை ஒன்று இருந்தது. கும்ரேவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்ம மலையேற்றக் குழுவுல எல்லார் பையும் சாம்பல் நிறம்," என்றார் தால்சு.

"எல்லாருக்குமா ஸ்டென்ட் வச்சிருக்கு?"

குழுத் தலைவர் பாங் பேரம் பேசி எல்லோருக்கும் மொத்தமாக வாங்கிய சாம்பல் பையில் இடுப்பு வார் வெறும் நாடாதான். சின்னச் சாமான் வைக்க மேல்மூடியை விட்டால் இடமில்லை. யாருக்காவது மூச்சு வாங்கினால் ஆம்புலன்ஸ் வரச் சொல்லவா என்று கேலியாகக் கேட்கிற வாய் பாங்குடையது. இதயத்தைவிட அந்த வாய்க்குத்தான் தால்சு பயந்தார். கும்ரே எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள், கேட்டால்தானே. சாம்பல் பையையே வாங்கினார். அவள் வீம்புக்கு ஆரஞ்சைத் தனக்கு வாங்கிக்கொண்டு, நானும் வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

சனிக்கிழமை தோபோங் மலை. அண்ணிக்கு நர்ஸ் வேலையா என்று பாங் கேட்க, கூட்டம் சிரித்தது. தால்சு காது சிவந்து நடையை வேகமாக்கினார். அவர் பிடரியையே பார்த்துக்கொண்டு ஏறியதில் கும்ரே பூத்த மரம் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. நடுவழியில் பெரிய பாறையில் பாய் விரித்து, காலணியைக் கழற்றி, பைகளை மரத்தடியில் குவித்துவிட்டு உட்கார்ந்தார்கள். கிம்பாப் சோற்றுச் சுருள், வெள்ளரிக்காய், ஒரு சுற்று அரிசிக் கள். மேகம் கறுத்ததும் ஆளுக்கொரு பையைத் தூக்கிக்கொண்டு அவசரமாக உச்சிக்கு நடந்தார்கள்.

செங்குத்தான படிகளில் தால்சு பின்தங்கினார். கொஞ்ச தூரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கும்ரே மீட்புக் குழுவுக்குப் போன் போட்டபடியே அவர் பையின் மூடியைத் திறந்தாள். உள்ளே காய்ந்த கணவாய்ப் பொட்டலமும் தலைவருடைய விசிலும் இருந்தன. அது பாங்கின் பை. பாழாய்ப்போன சாம்பல் நிறம் என்று வாய்விட்டு அழுதுகொண்டே பொட்டலத்தை உருவினாள்.

அடியில் ஒரு சின்னப் பழுப்புப் புட்டி கிடந்தது. அதே மருந்து, அதே அளவு. பெயர் மட்டும் பாங்.

ஒரு மாத்திரையைக் கணவரின் நாக்குக்கு அடியில் வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிறிய உதட்டில் மெல்ல நிறம் திரும்பியது. மேலேயிருந்து யாரோ தடதடவென்று இறங்கி வந்தார்கள். பாங். ஒரு கையில் தால்சுவின் புட்டி, மறுகை தன் நெஞ்சில்.

"அண்ணி, அண்ணனோட மாத்திரை என்கிட்ட..." என்றவர், அவள் கையிலிருந்த புட்டியைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"எத்தனை நாளா?"

"மூணு வருஷமா. குழுவுல சொல்லிடாதீங்க, அண்ணி."

"முதல்ல உக்காந்து வாயைத் திறங்க."

பாங் தால்சு பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறந்தார். அவர் நாக்குக்கு அடியிலும் அவள் ஒரு மாத்திரையை வைத்தாள். தால்சு அவரைப் பார்த்துத் தேய்ந்த குரலில் கேட்டார்.

"ஆம்புலன்ஸ் வரச் சொல்லவா, தம்பி?"

"சொல்லியாச்சு," என்றாள் கும்ரே. "ரெண்டு பேருன்னு இப்ப மாத்திச் சொல்றேன்."

அவள் தன் ஆரஞ்சுப் பையைக் கழற்றி, இடுப்பு வாரின் ஜிப்பைத் திறந்து, பாங் கையிலிருந்த தால்சுவின் புட்டியை வாங்கி அதில் போட்டு மூடி, பையைக் கணவரிடம் நீட்டினாள். தால்சு இந்தத் தடவை மறுபேச்சுப் பேசாமல் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். பாங் அந்தக் குட்டிப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, அந்தக் கடையில இதே மாதிரி இன்னொண்ணு இருக்குமா?"